படங்கு கட்டுற இடத்துல ஒரு கறுப்புப் பொருக்கு

லிந்துலை,
ஞாயித்துக்கிழமை.

அன்பு மகன் திலக்ஷனுக்கு அப்பா எழுதுறது. நானும் உங்கம்மாவும் இங்க சொகமா இருக்கோம், கத்தார்ல நீயும் சொகமா இருக்கணும்னு மாரியாத்தாளக் கும்பிட்டுக்கிறோம். சொகம்ங்கிற வார்த்தைய இத்தன வருசமா சும்மா வழக்கத்துக்குத்தான் எழுதிக்கிட்டிருந்தேன் தம்பி, இந்தத் தடவை மனசறிஞ்சு எழுதுறேன். போன் இருக்கையில என்னத்துக்குக் காயிதம்னு கேப்ப. லயத்துல நமக்கு இருக்கிறது ஒரு காம்பரா, பேசினா உங்கம்மா காதுல விழும், அதோட வாயால சொல்லப் போனா அழுதுருவேன். மீனம்மா மகன் சுமன் லீவு முடிஞ்சு அங்க திரும்புறான், அவன் கையில குடுத்து விடுறேன்.

போன மாசம் உங்கம்மாவுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள்ல விட்டுருச்சுன்னு சொன்னேன்ல, அது பொய். எட்டு நாள் காஞ்சா. தலைவலி, மேலெல்லாம் வலி, தொடை இடுக்குல நெறி கட்டி நடக்க ஏலல, ஒரு வாய் கஞ்சி எறங்கல. மாத்திரை குடுத்தா வேர்த்து விடும், மறுபடி அனலாக் கொதிக்கும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறவளுக்கு வராத காய்ச்சலா, கசாயம் குடிச்சா சரியாயிரும்னு அவ சொல்லிட்டா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா, நீ அனுப்பின போனக் கையில வச்சுக்கிட்டு டாக்டராயிட்டேன். ஃபேக்டரியில முப்பது வருசம் கொழுந்து அரைச்சவனுக்கு வந்த கொழுப்பப் பாரு. வாயால சொன்னா அதுவே எழுதிக்குதே, காய்ச்சல்னேன், நெறிகட்டுன்னேன், மெலிஞ்சு போறாளேன்னேன். ரத்தத்துல கேன்சரா இருக்கலாம்னு வந்துச்சு. வேற மாதிரி கேட்டுப் பாத்தேன், அப்பயும் அதுதான். பெறகு நான் கேக்காமலே அந்த நோய்க்காரங்க வீடியோவா வந்து விழுகுது, தலைமுடி கொட்டி, மூக்குல கொழாய் மாட்டி. அதப் பாத்துப் பாத்து ஒரு முடிவுக்கு வந்துட்டேன் தம்பி. இனி இவள ஊசியும் கொழாயுமா வதைக்க வேணாம், நம்ம காம்பராவுலயே நிம்மதியாக் கண்ண மூடட்டும்னு. அவகிட்டயும் கேக்கல, உங்கிட்டயும் கேக்கல. ஆஸ்பத்திரி வண்டி போற தூரத்துல இருக்கையில நான் அவள சாக விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

எட்டாம் நாள் காலையில டவுன்ல ஆட்டோ ஓட்டுற ரிஸ்வி அரிசி மூட்டை கொண்டாந்தான். உள்ள எட்டிப் பாத்தான், அக்கா அக்கான்னான், அவளுக்கு நெனவில்ல. அண்ணே உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா, கால் பக்கம் புடிங்கன்னு ஒரு அதட்டு அதட்டினான். தூக்கி ஆட்டோவுல போட்டோம். தலைய மடியில வச்சுக்கிட்டு நுவரெலியா வரைக்கும் உக்காந்திருந்தேன், நான் செஞ்சது அம்புட்டுத்தான்.

வார்டுல வந்து பாத்தது ஒரு சின்னப் புள்ளடா, டாக்டர் நதான்னு பேரு, தலையில முக்காடு, பக்கத்துக் காம்பரா சர்மிளா வயசு தான் இருக்கும். நான் போன நீட்டினேன், பெறகு பாக்குறேன் அய்யான்னுச்சு. கொழுந்து எடுக்கிறவங்களா, புல்லு மண்டுன மலையான்னு கேட்டுச்சு. பெறகு தெரையச் சுத்திவரப் போடச் சொல்லிட்டு, நெறி கட்டுன எடத்த அமுக்கிப் பாத்து, டோர்ச் அடிச்சுக்கிட்டு அங்கயிருந்து ஒவ்வொரு மடிப்பா தேடிப் போகுது. காணாமப் போன மூக்குத்தியத் தேடுற மாதிரி தேடுதே, இது என்னத்தத் தேடுதுன்னு முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். மலைக்குப் போகையில சேலை நனையாம இடுப்புல படங்குச் சாக்கச் சுத்திக் கயிறு போட்டு இறுக்குவாளே, அந்தத் தடத்துக்குள்ள டோர்ச் நின்னுச்சு. பீடிச் சூடு பட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. இதுதான்னு சொல்லிச் சிரிச்சுச்சு அந்தப் புள்ள.

அட ஆண்டவனே! அது எனக்குத் தெரிஞ்ச பொருக்கு. அட்டை கடிச்ச புண்ணுன்னு நான் தானே அதுல சுண்ணாம்பு தடவினேன். மலையில வேலை செய்யிறவளுக்கு அட்டைக்கடி ஒரு பெரிய விசயமான்னு அதோட விட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொன்னேன். அட்டை கடிச்சா அரிக்குமே, இது அரிச்சுச்சா, வலிச்சுச்சான்னு கண்ணு முழிச்சுக் கெடந்த உங்கம்மாகிட்ட குனிஞ்சு கேட்டுச்சு, இல்லன்னு தலையாட்டினா. புல்லுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், துணி இறுக்குற எடமாப் பாத்துக் கடிக்குமாம், அதுல வந்த காய்ச்சலாம். இவ்வளவு தெரிஞ்சும் தானா முடிவு கட்டல பாரு, ரத்தம் எடுத்து அனுப்பிட்டுப் பெரிய டாக்டரையும் கூட்டியாந்து காட்டுச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கிட்னி, நெஞ்செல்லாம் புடிச்சிருக்கும்னாரு அவரு. நான் அந்தப் புள்ளகிட்ட போன்ல பாத்த கதையச் சொன்னேன். கிழி கிழின்னு கிழிக்கும்னு நெனச்சேன். நானும் போன்ல வாசிக்கிறவதான் அய்யா, ஆனா இந்தப் பொருக்கப் பத்தி நீங்க போனுக்குச் சொல்லவே இல்லியேன்னுச்சு.

மாத்திரை ஆரம்பிச்ச மூணாம் நாள் காலையில போறேன், உங்கம்மா எந்திரிச்சு உக்காந்து, பசிக்குது, பாணும் சம்பலும் வாங்கியாந்தீங்களான்னு கேக்குறா. கும்பிடத் தோணுச்சு தம்பி, சாமியவா அந்தப் புள்ளையவான்னு தெரியல, ரெண்டு பக்கமும் கும்பிட்டேன். நீ போன கெழமை நெஞ்செரிச்சல்னு சொன்ன, போன்ல பாத்து நீயே மருந்து வாங்கிப் போடுறன்னும் சொன்ன. என் மகன் தானே நீ. நாளைக்கே போய் ஒரு டாக்டர் முன்னால சட்டையக் கழட்டிட்டு உக்காரு. அவங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு, நோய்க்குப் பேரு நீ வைக்காத.

இப்ப உங்கம்மா கோயிலுக்குப் போயிருக்கா. என் பேருக்கு அர்ச்சனை பண்ணப் போயிருக்கா. அவரு மட்டும் அன்னைக்குத் தூக்கிட்டுப் போகலன்னா நான் இல்லன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறா. ஆட்டோவுல கண்ண முழிச்சப்ப என் மடியில தலை இருந்துச்சாம், அதுதான் அவளுக்குத் தெரியும். ரிஸ்விகிட்டயே சொன்னா. அவன் என்னை ஒரு பார்வை பாத்துட்டு, ஆமாக்கான்னுட்டான். வந்ததும் துண்ணூறு பூச வருவா. நெத்தியக் காட்டுறதுக்கு முந்தி உண்மையச் சொல்லிரணும்னு இருக்கேன், பெறகு அவ எத்தன நாள் பேசாம இருந்தாலும் சரி.

உனக்கு ஒரு கொறையும் வராது, நல்லா இருப்ப, ஆத்தா தொணை இருப்பா. இது கெடச்சதும் போன் எடு. மறக்காம என்னைக் கூப்பிட்டு, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாப்பான்னு கேளு.

இப்படிக்கு
உன் அப்பா
சின்னராசா