வாரம் இரண்டு மீன்

மார்ச் 1, ஞாயிறு

வழக்கம்போல ஐந்து மணிக்கு மகள் போன் செய்தாள்.

"கடலுக்குப் போனீங்களாப்பா?"

"போனேன்."

"கிடைச்சுதா?"

"ரெண்டு."

போகவில்லை. காலையிலிருந்து கட்டிலை விட்டு இரண்டு முறைதான் எழுந்தேன். ஒரு முறை ரொட்டி தின்ன, இன்னொரு முறை எதற்கென்று எழுத வேண்டியதில்லை. அவள் அம்மா இறந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. மற்ற நாட்களில் பட்டறை வேலை இருப்பதால் உடம்பு தானாக எழுந்து போய்விடுகிறது. ஞாயிறு அப்படி இல்லை.

முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு மகள் போனில் அழுதாள். "வெளிய எங்கயாவது போங்கப்பா, இப்படியே உக்காராதீங்க." அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழே யாரோ ஒருவன் தோளில் தூண்டிலோடு போய்க்கொண்டிருந்தான். "மீன் பிடிக்கப் போகலாம்னு இருக்கேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அடுத்த வாரம் போய்விட்டு வந்ததாகச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் இரண்டு மீன். ஏன் இரண்டு? ஒன்று என்றால் பரிதாபம், மூன்று என்றால் பீலா. அன்றிலிருந்து வாரம் இரண்டு.

இன்று சொல்கிறாள்: "பதினெட்டாம் தேதி வர்றேன். பத்து நாள் இருப்பேன். ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூட கடலுக்கு வர்றேன்."

அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். "நீங்க நல்லா இருக்கீங்கன்னு கண்ணால பாத்துட்டுப் போடுறேன்" என்றாள். அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் கிடக்கும் கிடையைப் பார்த்தால் பேனாவைத் தொடமாட்டாள்.

இன்னும் பதினேழு நாள்.

மார்ச் 2, திங்கள்

வீட்டில் இரண்டு குடை இருக்கிறது. தூண்டில் இல்லை.

மார்ச் 4, புதன்

மதியம் பட்டறையிலிருந்து நழுவி தூண்டில் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கக் கம்புகள். கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். கரையில் நின்று எறிவதா, படகிலா? எத்தனை நாளுக்கு ஒரு தடவை? வலது கையா, இடது கையா?

"எனக்கு இல்லைங்க, ஒரு நண்பருக்கு."

"சரி, உங்க நண்பர் என்ன உயரம்?"

"என் உயரந்தான்."

"தோள்ல வலி கிலி உண்டா அவருக்கு?"

"அதுவும் என்னை மாதிரிதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பத்தடிக் கம்பு ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு துண்டு, பொருத்தினால் ஒன்று. "வாரத்துக்கு ஒரு தடவ சும்மா பொழுதுபோக்கா நிக்கிறவருக்கு இது போதும் சார். அலை உடையிற இடத்தைத் தாண்டி விழுந்தா சரி. மீன் நடுக்கடல்லயா நிக்குது?"

எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருடமாக மீன் பிடிக்கிறவன் இத்தனை சின்னக் குச்சியோடா நிற்பான்? மூலையில் மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் பதின்மூன்றடிக் கம்பு ஒன்று நின்றது. அதையும், தூண்டில் நரம்பு சுற்றும், தேங்காய் அளவுக்கு ஒரு ரீலையும் காட்டினேன். "அது ரொம்பத் தூரம் வீசுறவங்களுக்கு சார். நாள் முழுக்கப் பழகின தோள் வேணும். உங்க நண்பர் பத்து நிமிஷத்துல கீழ வெச்சிடுவார்." நான் கேட்கவில்லை. நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

பஸ்ஸில் மூன்று துண்டையும் கட்டிப்பிடித்து நின்றேன். ஒரு பெண்மணியின் கொண்டையில் இடித்தது. இரண்டு முறை.

மார்ச் 6, வெள்ளி

பளபளவென்று புதுசாக இருக்கிறது, அதுதான் தொல்லை. ஆனால் புதுசைப் பழசாக்குவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பட்டறையில் என் வேலையே அதுதான். நேற்று அடித்த அலமாரியை நூறு வருடத்து அலமாரியாக்கி அனுப்புவேன். முதலாளி அதை "வயசு ஏத்துறது" என்பார். சங்கிலியால் நாலு அடி, கம்பி பிரஷ், டீத்தண்ணீர், வினிகரில் ஊறிய இரும்புத்தூள், கரையான் அரித்தது போல ஊசியால் துளை. வாங்குகிறவர்கள் தடவித் தடவிப் பார்த்துக் கண் கலங்குவார்கள்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் கம்பின் பிடியை உப்புத்தாளால் தேய்த்தேன், கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக. ரீலை உப்புக் கரைத்த வாளியில் போட்டுவிட்டேன், நாளை வரை ஊறட்டும் என்று. கடல் செய்வதை வாளி செய்யாதா?

வேலை செய்யும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பாட்டு. எத்தனை மாதமாயிற்று! பெற்ற பெண்ணை ஏமாற்றத்தான் இந்தப் பாட்டு வந்ததா என்று நினைத்ததும் நின்றுவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

ஒத்திகைக்குக் கடற்கரை போனேன். நிஜமாகவே போனேன்.

ரீலைச் சுற்றினால் மாவு மெஷின் சத்தம். நாலு சுற்றில் இறுகிக்கொண்டது. கம்போ தூக்கினால் தோள் வலி, இறக்கினால் இடுப்பு வலி. ஒரே ஒரு முறை எறிந்தேன். ஈயக்குண்டு எனக்குப் பின்னால் விழுந்தது. நாயோடு நடந்து வந்த ஒருவர் "பாத்து, பாத்து" என்று பத்தடி விலகிப் போனார்.

அவமானம். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா?

ஐந்து மணிக்கு: "கிடைச்சுதா?" "ரெண்டு."

மார்ச் 10, செவ்வாய்

ரீலைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்கு. கடைக்காரம்மா மூடியைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக உப்பு, ஓரமெல்லாம் துரு.

"சார், இது போன வாரம் நான் குடுத்தது. கடல்ல போட்டுட்டீங்களா?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. வாளியைப் பற்றிச் சொன்னேன். பழசாகத் தெரிய வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தப்பாப் பண்ணிட்டீங்களே சார். வாரா வாரம் போறவன் ரீல் உங்க வீட்டு டம்ளரை விடச் சுத்தமா இருக்கும். வந்ததும் நல்ல தண்ணில அலசி, துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் மறுவேலை. இப்படி வெச்சிருக்கிறவன் ஒரே மாசத்துல இதை விட்டுட்டவன்."

முப்பது வருடமாகப் பழசு செய்கிறேன். உபயோகத்தில் இருக்கும் பொருள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கைவிட்ட பொருள் எப்படி இருக்கும் என்பதுதான் தெரியும்.

பத்தடிக் கம்பையே வாங்கினேன். இந்த முறை அவர் சும்மா கொடுக்கவில்லை. அதில் வேறொரு ரீலை மாட்டி, பத்து நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். சின்ன ரீல், உப்புத்தண்ணீர் உள்ளே போகாதபடி மூடினது. கம்பும் ரீலும் சேர்ந்து ஒரே எடையாகக் கையில் உட்கார்ந்தன, முன்பக்கம் சாயவில்லை. கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பத்தாவது நிமிடமும் தோள் வலிக்கவில்லை. "இதான் உங்க நண்பருக்கு" என்றார்.

நரம்பை விரலில் பிடித்து, எப்போது விட வேண்டும் என்றும் காட்டிக்கொடுத்தார். சீக்கிரம் விட்டால் வானத்துக்குப் போகும், தாமதித்தால் காலடியில் விழும்.

மார்ச் 12, வியாழன்

அரை நாள் லீவு. நாற்பது முறை எறிந்தேன். பதினொன்று உருப்படி.

மார்ச் 15, ஞாயிறு

அறுபது முறை. இன்று இரையும் கோத்துப் பார்த்தேன். முடிச்சுப் போடுவது, ஈயம் மாற்றுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ரீலை அலசி, துடைத்து, எண்ணெய் விட்டேன். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்கு அவள் கேட்டபோது "ரெண்டு" என்றேன். நிஜமாகவே போய் நின்றுவிட்டு வந்த நாளிலும் பொய்தான் வருகிறது. என்ன ஜென்மம் இது!

மார்ச் 18, புதன்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். நேற்று முழுக்கக் கழுவித் துடைத்த வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றாள். பாராட்டா, சந்தேகமா? அவள் அம்மாவுக்கும் இதே குரல்தான்.

கதவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த கம்பைத் தொட்டுப் பார்த்து, "இதானா அது" என்றாள். ஆமாம் என்றேன். முகம் மலர்ந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

அவள் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடித்தால் தேவலை. — எது வேண்டும் உனக்கு, முட்டாளே?

மார்ச் 22, ஞாயிறு

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

காலை ஏழரைக்குப் போனோம். லேசான காற்று. முதல் எறி சுமார். மூன்றாவது எறி அலை உடையும் இடத்தைத் தாண்டி, கயிறு கட்டி இழுத்தது போல நேராகப் போய் விழுந்தது. "அப்பா!" என்று கைதட்டினாள். போட்டோ எடுத்தாள். ஒரு பெரிய கல்லில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். புது வேலையைப் பற்றிப் பேசினாள், அங்கே குளிருமாம். நானும் ஏதோ பெரிய மீனவன் போலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கம்பு வளைந்தது.

மீன். நிஜ மீன். சுற்றினேன், வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். மணலில் விழுந்து துள்ளியது. நான் அப்படியே நின்றேன். எறியப் பழகினேன், கோக்கப் பழகினேன், கழுவக்கூடப் பழகினேன். மாட்டின மீனைத் தூண்டில் முள்ளிலிருந்து எப்படி எடுப்பது என்று யாரையும் கேட்கவில்லை. கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லையே!

குனிந்தேன். பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன், முதுகுத் துடுப்பு கையைக் கிழித்தது. ரத்தம். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, நான் நரம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், அதைத் தொடப் பயந்து. அந்தப் பக்கம் தூண்டில் போட்டிருந்த தொப்பிக்காரர் வந்து, துணியால் பிடித்து ஒரே திருப்பில் முள்ளை எடுத்தார். "புதுசா சார்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தாள். என் கையில் கைக்குட்டையைச் சுற்றினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "அதுதான் முதல் மீனாப்பா?"

"ஆமா."

"முதல் தடவையா போனீங்க?"

"இந்த மாசந்தான்... நாலஞ்சு தடவ."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா வாரம் ரெண்டு மீன். என்ன மீன்னு நான் ஒரு தடவகூட கேக்கல பாத்தீங்களா? வறுத்தீங்களா, பக்கத்து வீட்டுக்குக் குடுத்தீங்களான்னுகூடக் கேக்கல. கேட்டா நீங்க மாட்டிக்குவீங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கு. மாட்டிக்கிட்டா நான் கிளம்பி வரணும்ல? அதான் கேக்கல."

அழுதாள். நானும். இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 23, திங்கள்

கையெழுத்துப் போடமாட்டாளாம். இங்கேயே வேலை தேடுகிறாளாம். கத்திவிட்டேன். "இங்க இருந்து என்ன கிழிக்கப் போற? அப்பனும் மகளும் ஆளுக்கொரு கட்டில்ல படுத்துக்கலாமா?" அவளும் கத்தினாள். "நீங்க சொன்ன பொய்யில நான் நிம்மதியாத் தூங்கினேன்ப்பா, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமைகள் நிஜத்தில் எப்படி இருந்தன என்று சொன்னேன். ஒன்றுவிடாமல். ரொட்டியை, போர்வையை, ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் எழுந்து தொண்டையைச் சரிசெய்துகொள்வதை. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

மார்ச் 25, புதன்

இருவரும் அவள் அம்மாவின் அலமாரியைத் திறந்தோம். பாதி வரைதான் முடிந்தது.

மார்ச் 27, வெள்ளி

கையெழுத்துப் போட்டாள். நான் கெஞ்சியதால் அல்ல என்றாள். "பொய் சொல்லித்தான் என்னை அனுப்பணும்னு நினைச்சீங்கள்ல? நிஜத்தைச் சொல்லியும் அனுப்ப முடியுதான்னு பாருங்க." பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகினாள்.

மார்ச் 28, சனி

போய்விட்டாள். அடுத்த வாரமே அங்கே வேலையில் சேர வேண்டுமாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மழை இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. போகவில்லை. படுத்தே கிடந்தேன்.

போன் அடித்தபோது தொண்டையைச் சரிசெய்துகொள்ளவில்லை. "இன்னிக்கு எழுந்திரிக்க முடியலம்மா" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"நானும் ரூமை விட்டு வெளிய போகலப்பா. இங்க யாரையும் தெரியல" என்றாள்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன். "முட்டை இருக்கா?" "இருக்கு." "அப்ப எந்திரிங்க, நானும் அடுப்பைப் பத்த வைக்கிறேன்."

போனைச் சமையலறை அலமாரி மேல் வைத்துவிட்டு வாணலியை எடுத்தேன். அங்கே அவள் முட்டையை உடைக்கும் சத்தம் கேட்டது. நானும் உடைத்தேன்.