காம்பவுண்டுப் பிள்ளைகளைக் குதிக்கவிட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் கை துடைக்க, மூட்டையிலிருந்து ஒரு பிடி பனியன் வேஸ்டை உருவினார். சிவப்பும் பச்சையுமாய் நீள நீளத் துணிக் கீற்றுகள். அந்தப் புதுத்துணி வாசம் மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். ஒரு கீற்றைக் கேட்டு வாங்கி, ரோட்டோரம் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும், எனக்கென்ன!

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருப்பூர் பனியன் கம்பெனியில் நீங்கள் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின், நான் அடுத்த மிஷின். ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் லைன் வீடு. உங்களுக்குக் குண்டடம் பக்கம். நாங்கள் சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஊரே ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓடிய காலம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு டி.வி. பார்க்க வேண்டும். லாரியும் டெம்போவும் பறக்கிற தெருவில் வேறு என்ன செய்வது? சாயங்கால டீயோடு கம்பெனியில் தரும் பன்னை எந்தத் தாயும் தின்ன மாட்டாள். கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். சனிக்கிழமை சம்பளம் என்றால் பரோட்டாப் பொட்டலம். நாள் முழுக்கப் பிள்ளை முகம் பார்க்காததற்கு எங்களால் முடிந்தது அதுதான்.

என் மகள் மெர்சிக்குக் கன்னம் உப்பியது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் நாத்தனார்கள், "திருப்பூர் சாப்பாடு பிள்ளைக்கு நல்லா ஒட்டியிருக்கே!" என்று கிள்ளுவார்கள். எனக்குத் தலைகால் புரியாது. அப்புறம் ஒருநாள், பள்ளியில் மாடிப்படி ஏறும்போதே அவளுக்கு மூச்சு முட்டிப்போயிற்று. ஆஸ்பத்திரி டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "மருந்தெல்லாம் வேண்டாம். பன்னு, பரோட்டாவைக் குறைங்க, தினமும் ஓடி ஆட விடுங்க. இப்படியே விட்டா சின்ன வயசுலயே சர்க்கரை வந்து நிக்கும்" என்றார். மறுநாள் மிஷினில் உட்கார்ந்து, தைக்கிற துணியிலேயே கண்ணீரைத் துடைத்தேன்.

நீங்கள் மிஷினை நிறுத்தினீர்கள். "ஏங்கண்ணு, கட்டுத்தரையில கட்டித் தீனி போட்டா எருமைக்கன்னுகூடத்தான் பெருக்கும். புள்ள என்ன பண்ணும்? அவுத்து உடு" என்றீர்கள். பிறகு என் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பன்னை என் வாயருகே நீட்டினீர்கள். "இத நீ தின்னு. பகல் பூராம் முதுகொடியறது நீயி." அந்தக் கம்பெனிப் பன்னின் ருசி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் வேஸ்ட் கேட்டீர்கள். கேட்டில் பையைத் துழாவுகிற கம்பெனியில் இப்படிக் கேட்க எவளுக்குத் துணிச்சல் வரும்? "எதுக்கும்மா?" என்றார். "குதிக்கறதுக்குங்க" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டு அள்ளிக் கொடுத்தார். டீ நேரத்தில் அதை முறுக்கி, மூன்று புரியாய்ப் பின்னி, காம்பவுண்டின் அகலத்துக்கு ஒரு கயிறு செய்தீர்கள். அதோடு நின்றீர்களா? இனி ஒரு ஷிப்ட்தான் பார்ப்பேன் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு, ஐந்தரைக்கே கயிறு சுற்ற வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். கிறுக்கு என்றார்கள். நானும்தான் நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மா விடவில்லை. கொடியில் துணி காய்கிறது, தூசி பறக்கிறது, முற்றத்தில் ஆடினால் எல்லோரும் காலி பண்ணுங்கள் என்றார். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க, துணிக்கு வெயிலுங் காத்தும் வேணும். புள்ளைகளுக்கு வேண்டாமுங்களா? துணிய நானே எடுத்து மடிச்சு வெச்சுப் போடறனுங்க" என்றீர்கள். அவர் உள்ளே போனார். ஒரு வாரத்தில் அவருடைய பேத்தியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் வந்து நின்றாள். அப்புறம் அவர் எங்கே வாயைத் திறக்க!

முதல் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெர்சி குதித்ததும் கயிறு காலில் சிக்கியது. பிள்ளைகள் "பூசணி, பூசணி" என்று கத்த, அவள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். உங்கள் உடம்பும் லேசுப்பட்டதா என்ன? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றுக்குள் குதித்தீர்கள். தொப்பென்று உட்கார்ந்தீர்கள். காம்பவுண்டே சிரித்தது, சன்னல் வழியே மெர்சியும் சிரித்தாள். எழக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே கூப்பிட்டீர்கள். "வா கண்ணு, ரெண்டு பேருமாச் சேந்து விழுகலாம்."

கதவு திறந்தது. அன்றிலிருந்து அவளை உள்ளே கூப்பிடுவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாயிற்று. அவள் ஒல்லியாகிவிடவில்லை, பரிசும் வாங்கவில்லை. பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். நிற்காமல் ஓடி முடித்தாள். வேலிக்கு வெளியே நின்று நீங்கள் அடித்த விசிலில் ஹெட்மாஸ்டரே திரும்பிப் பார்த்தார்.

போன தை மாதம் நீங்கள் போய்விட்டதாக உங்கள் ஊரிலிருந்து போன் வந்ததும் நானும் மெர்சியும் பஸ் ஏறிவிட்டோம். பாதி வழியில் மறுபடி போன். "சொந்தம், உறம்பரையெல்லாம் வந்துட்டாங்க, எடுக்கப் போறாங்க." இறங்கிய இடத்தில் ஆட்டோ இல்லை. உள்ளே உங்கள் ஊருக்குச் சோளக்காட்டு நடுவே நீளமான தார் ரோடு. என் முழங்கால் உங்களுக்குத் தெரியுமே. "நீ போ பிள்ள!" என்றேன். மெர்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள், அக்கா. இரண்டு பிள்ளை பெற்றவள். ஓடி ஓடி, வளைவில் மறைகிற வரைக்கும் அவள் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அழுதுகொண்டே பார்த்து நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சாவுக்கு வந்த இடத்தில் ஒருத்திக்கு இவ்வளவு பெருமையா என்று யாராவது கேட்டிருந்தால், ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் வந்து சேர்வதற்குள் உங்களை எடுத்துவிட்டார்கள். ஆனால் மெர்சி உங்கள் முகம் பார்த்துவிட்டாள், அக்கா.