மோர்மிளகாய் தின்ற மெஷின்

மச்சாள், நேற்றுக் காலை எங்கள் பின்வளவில் ஒரு மனிதர் தும்மியதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

வீட்டைச் சூடாக்கும் பழைய மெஷினைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வந்தவர் அவர். நல்ல உயரம், எங்கள் வட்டாரத்து ஹெயிட்டிக்காரர். பின்பக்கத்து அழுக்கைத் தூரிகையால் ஓர் இழுப்பு இழுத்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், மாதாவை அழைத்தார், மறுபடி தும்மினார். நான் மேல்வீட்டுக் குசினி யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் நின்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்த மணம் எனக்கும் வந்தது. புளித்த தயிர், உப்பு, காய்ந்த மிளகாய். இலையெல்லாம் கொட்டி முடிந்த கார்த்திகைக் குளிரில் உங்களுடைய ஆவணி மாதம் வந்து நின்றது. ஆண்டுத் திவசம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் மிளகாயை அனுப்பி எங்களை விசாரிக்கிறீர்கள்.

என் அண்ணையைக் கட்டியதால் எனக்கு மச்சாள் ஆனீர்கள். மொன்ட்ரியால்-நோரில் சேர்ந்து வீடு வாங்கி, நீங்களும் அண்ணையும் கீழும் நான் தனியே மேலுமாகக் குடிவந்ததால் எனக்கு எதிரியும் ஆனீர்கள் என்று கோயிலில் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். நீங்களும் அதையேதான் சொல்லித் திரிந்தீர்கள், கொஞ்சம் உப்புக் கூட்டி. ஊரே நம்பியது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே காரில் வந்து இறங்குவதைப் பார்த்த பிறகும் நம்பியது.

தெர்மோபொம்ப் விற்க வந்தவன் படம் கீறி விளக்கியது நினைவிருக்கிறதா? குளிர்காலத்தில் சூட்டையும் கோடையில் குளிரையும் ஊதுமாம். வெளியே பின்சுவரோரம் காற்றாடி வைத்த ஓர் உடம்பு. உள்ளே உங்கள் ஹோலில் ஒரு தலை, என் ஹோலில் ஒரு தலை. நீங்கள் தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "பத்தில எட்டை வித்துப்போட்ட இராவணன் மாதிரிக் கிடக்கு." அவனுக்குத் தமிழ் தெரியாததால் வியாபாரம் தப்பியது.

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று. ஒரு தலை சூட்டைக் கேட்கும்போது மற்றத் தலை குளிரைக் கேட்க முடியாது. எனக்கோ அப்போது உடம்பு பற்றி எரிகிற வயது. உங்களுக்கு அது அடங்கி, போர்வை தேடுகிற வயது. சித்திரை, வைகாசி முழுக்க ரிமோட்டுகளால் யுத்தம். நான் குளிரை அழுத்துவேன், நீங்கள் சூட்டை அழுத்துவீர்கள், மெஷின் இரண்டும் இல்லாமல் பெருமூச்சு விடும். அடுத்து நீங்கள் கூட்டுகிற தும்புத்தடி என் வீட்டு நிலத்தைக் கீழிருந்து தட்டும். நான் மேலே நின்று குதிப்பேன். என் எடைக்கு அது கொஞ்சம் அதிகமான பதில்தான்.

மிளகாய்க்கு வருகிறேன். ஆவணி கடைசியில் ஜோன்-தலோன் சந்தையில் பச்சை மிளகாய் கூடை கூடையாக வரும். கீறி, உப்புத் தயிரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் விரித்து, இரவில் மறுபடி அதே தயிருக்குள் போடவேண்டும். தயிர் முழுக்கச் சுவறும்வரை வெயில் வேண்டும். இந்த ஊர் வெயிலோ சம்பந்தி வீட்டார் மாதிரி. வருவதாகச் சொல்லும், ஆயத்தப்படுத்தியதும் வராது. முதலில் பல்கனியில் விரித்தீர்கள். அணில் வந்து ஒன்றைக் கடித்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பல வருடம் நடித்துக் காட்டினீர்கள். அடுத்ததாக, கோடையில் மெஷினின் காற்றாடி வெளியே சூடாக ஊதுகிறது என்று கண்டுபிடித்து அதன் முன்னால் சுளகை வைத்தீர்கள். மிளகாய் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுத் தக்காளிப் பாத்திக்குப் போனது.

அப்போதுதான் உங்களுக்கு அந்த ஞானம் வந்தது. "பிள்ளை, முன்பக்கம் ஊதுது, பின்பக்கம் இழுக்குது. ஊதுறவனை நம்பக்கூடாது, இழுக்கிறவனை நம்பலாம்." அண்ணையின் பழைய வேட்டியைக் கிழித்து, சுவருக்கும் மெஷினின் பின்புறத்துக்கும் நடுவே ஏணை மாதிரிக் கட்டி, மிளகாயை அதில் கிடத்தினீர்கள். மெஷின் இழுத்த காற்றில் அது நன்றாகத்தான் காய்ந்தது. உப்புத் தயிரும் விதையும் எங்கே போயின என்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் சுவை பார்க்கும் அதிகாரி. உப்புக் கூடிப்போச்சு என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டே அடுத்ததை எடுப்பேன். இப்படி எத்தனையோ கோடை.

மெஷின் முனகத் தொடங்கியது நீங்கள் போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில். வெளி உடம்பு முழுக்கப் பனிக்கட்டி பிடிக்க, அண்ணை கேத்திலோடு ஓடிப்போய்க் கொதிதண்ணீர் ஊற்றுவார்; அது கீழே வழிந்து உறைந்து, படியில் நான் வழுக்கி விழுந்து, அதையும் நீங்கள் நடித்துக் காட்டினீர்கள். பார்க்க வந்த ஒருவன் உள்ளே காஸ் கசிகிறது, தகடு உக்கிப்போய்விட்டது, மாற்றுவதுதான் வழி என்றான். சுவரடியில் மின்சார ஹீட்டர்கள் இருந்தன, ஆகவே உயிருக்குப் பயமில்லை, கரண்ட் பில்லுக்குத்தான் பயம். கோடை முடியட்டும் என்றோம். கோடை முடிய நீங்கள் படுத்துவிட்டீர்கள். மாசியில் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு மெஷினின் நோவை யார் கேட்டார்கள்?

அண்ணையைப் பற்றி உங்களிடம் கோள் சொல்லவேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததிலிருந்து அந்த மனிதர் உங்களைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. டவுன்டவுன் உணவகக் குசினிகளில் வாழ்நாளெல்லாம் சத்தம் போட்டே சமைத்தவர், இப்போது டிவியைக்கூடச் சத்தமில்லாமல் பார்க்கிறார். இரவுச் சாப்பாட்டுக்கு மேலே வருவார். இன்னொன்று வைக்கப் போனால் "காணும்" என்பார். போய்விடுவார். உங்கள் பெயரை நான் எடுத்தால் ரசத்தைப் பற்றிக் கேட்பார். உங்கள் மகன் தீபன் ரொறொன்ரோவில் தன் வீட்டுப் பேஸ்மென்டில் அறை எடுத்துவைத்திருக்கிறேன் வாங்கோ என்று வாரா வாரம் கூப்பிட்டான். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்லமாட்டேன். உங்கள் மூக்கு அவனுக்கு வந்ததைத் தவிர.

புது மெஷினுக்குக் கம்பனியில் விசாரித்தபோது அந்தப் பெண் கேட்டாள்: ஒரு தலையா, இரண்டு தலையா? மேல்வீட்டுக்கு மட்டும் என்றால் சின்ன உடம்பு போதுமாம். நான் கீழே இறங்கி அண்ணையிடம் கேட்டேன்.

"ஒண்டு காணும்," என்றார். "நான் பொங்கலுக்குப் பேந்து தீபனிட்டப் போறன். கீழ்வீட்டுக்கு வாறவை தங்கட பாட்டைப் பாக்கட்டும்."

நான் உங்கள் குசினி அலுமாரியைத் திறந்தேன், மூடினேன். அதற்குள் எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. அம்மா அப்பாவுக்குப் பிறகு என்னை 'எடியே' என்று கூப்பிட இந்த நாட்டில் இருக்கும் ஒரே ஆள் அவர். டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் சாப்பாடு கட்டிவிட்டு இரவில் வரும் எனக்காக வாசல் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர், கேட்டால் விளக்கை அணைக்க மறந்துவிட்டேன் என்பார். போகாதையுங்கோ அண்ணை என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை, மச்சாள். கேட்டு, அவர் இல்லை என்றுவிட்டால், அதற்குப் பிறகு கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மேலே ஏறிப்போய்க் கம்பனிப் பெண்ணிடம் இரண்டு என்றேன். பிரெஞ்சில் நான் பிழையில்லாமல் சொல்லும் சில சொற்களில் அதுவும் ஒன்று. அண்ணையிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

நேற்றுக் காலை வாசலில் தலைகளின் பெட்டிகள் இறங்கின. அண்ணை சாரத்தோடு வந்து பார்த்தார்.

"இதென்ன ரெண்டு கிடக்கு?"

"ஒண்டு எடுத்தா ஒண்டு சும்மாவாம்."

"தெர்மோபொம்போ, செருப்போ?"

அண்ணை உள்ளே போய்க் காற்சட்டையும் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு, ஒன்றைத் திருப்பி அனுப்பச் சொல்லப் பின்வளவுக்குப் போனார். நான் ஓடிப்போய் மேல் யன்னலைத் திறந்தேன். இதுதான் நான் அங்கே நின்ற காரணம். வேவு பார்ப்பதில் நான் உங்கள் அளவுக்கு இல்லை, ஆனாலும் ஒரே வீட்டில் இருந்தவள் அல்லவா.

அண்ணை வாயைத் திறக்கும் நேரத்தில்தான் அந்த மனிதர் தும்மினார்.

தும்மி முடித்து, தகடுகளைத் தொட்டுக் காட்டினார். விரல் பட்டதும் உதிர்ந்தன. இந்த மெஷின் முன்பு கடற்கரையில் இருந்ததா என்று கேட்டார். கஸ்பேப் பக்கம் கடலோர வீடுகளில்தான் உப்பு தகட்டை இப்படித் தின்றதைப் பார்த்திருக்கிறாராம். பிறகு தகட்டிடுக்கிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து அண்ணையின் உள்ளங்கையில் வைத்தார். அண்ணை அதைப் பார்த்தார். முகர்ந்தார். அவருடைய தோள் அசைந்தது. அழுகிறார் என்று நினைத்து நான் யன்னலைவிட்டு நகரப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கதைத்த கதை! மாசிக்குப் பிறகு சேர்த்து வைத்திருந்ததெல்லாம் பிரெஞ்சில் வந்தது. அண்ணையின் பிரெஞ்சு குசினியில் படித்தது, சட்டி பானையும் தூசணமும் நிறைந்தது. துக்கம் விசாரிப்பதற்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. அதனால்தானோ என்னவோ தடையில்லாமல் வந்தது. சந்தையில் மிளகாய்க்காரனோடு நீங்கள் விலை பேசியதைச் சொன்னார். அணிலைச் சொன்னார். தன் வேட்டி ஏணையானதைச் சொல்லும்போது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் நீங்கள் நுழையும் விதத்தை நடந்தே காட்டினார். அந்த மனிதர் மெஷினில் கையூன்றிச் சிரித்தார். தன் வீட்டிலும் மனைவி பிக்லிஸ் என்று ஒரு காரமான ஊறுகாய் போடுவாள், குளிர்சாதனப் பெட்டியில் தன் பியருக்கு இடமில்லை என்று அவர் தன் பங்குக்கு அழுதார். முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் தங்கள் பெண்டாட்டிமாரைப் பற்றிக் கோள் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் மேலே நின்று மூக்கை உறிஞ்சினேன். மிளகாய் நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பு அடங்கியதும் அந்த மனிதர் தன் வேலைக்குத் திரும்பினார். கீழ்வீட்டுத் தலையைப் பழைய இடத்திலேயே பூட்டவா என்று கேட்டார்.

அண்ணை ஒன்றைத் திருப்பி அனுப்பச் சொல்ல வந்ததை மறந்தாரா, மறந்த மாதிரி நின்றாரா, எனக்குத் தெரியாது. கையிலிருந்த மிளகாய் விதையை ஜக்கெட் பொக்கெற்றுக்குள் போட்டார். பிறகு, பழைய இடம் வேண்டாம், அங்கே பூட்டினால் சோபாவில் இருப்பவரின் கழுத்தில் காற்று அடிக்கும், எதிர்ச் சுவரில் பூட்டுங்கள் என்றார். சோபாவில் இருந்து கழுத்து நோகிறது என்று ஓயாமல் சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியும். அப்போதெல்லாம் சுவரில் ஓட்டை போட முடியாது என்று மறுத்தவரும் அவர்தான்.

அப்படியே திரும்பி, நான் அங்கே நிற்பது முதலிலிருந்தே தெரிந்தவர் போல அண்ணாந்து பார்த்தார்.

"எடியே, யன்னலைச் சாத்து. இருக்கிற சூடும் போகுது." சாத்தப் போனேன். "பொய் சொல்லுறதெண்டா ஒழுங்காச் சொல்லப் பழகு. அவளெண்டா இந்நேரம் என்னை நம்பப் பண்ணியிருப்பாள்."

அவள். அந்தியேட்டிக்குப் பிறகு முதல்முறையாக, தமிழில். நான் யன்னலைச் சாத்தினேன்.

இன்று இரவு அண்ணை வழக்கம்போல மேலே சாப்பிட வந்தார். இடியப்பமும் சொதியும். தீபன் கைபேசியில் கூப்பிட்டான். அறைக்கு என்ன நிறப் பெயின்ட் அடிக்கட்டும் என்று கேட்டான். அண்ணை இடியப்பத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "தம்பி, இஞ்ச புது மெஷின் பூட்டியிருக்கு. முதல் குளிர்காலம் வீட்டுக்காரன் நிண்டு பாக்கோணுமாம். இல்லாட்டி வாரண்டி இல்லையாம்."

முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அப்படி ஒரு வாரண்டி உலகத்தில் இல்லை. அவர் என் பக்கம் பார்க்காமல் அப்பளத்தைப் பார்த்தார். ஒரு குளிர்காலம்தான் என்பது எனக்கும் தெரியும், மச்சாள். எனக்கு அது காணும். அடுத்ததை அடுத்ததற்குப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் உங்கள் வாழ்நாளில் யாரையும் இருங்கோ என்று கேட்டதில்லை. யாராவது போக எழும்பினால் அடுப்பில் எதையாவது ஏற்றுவீர்கள். "இது கொதிக்கட்டும்" என்பீர்கள், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு போக வந்தவர்கள்கூட இரண்டாம் தரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். நான் அதை உங்கள் கள்ளத்தனம் என்று கோயிலில் சொல்லித் திரிந்தேன்.

அண்ணை கைபேசியை வைத்துவிட்டுக் கை கழுவினார். "காணும்," என்று கதவுப் பக்கம் திரும்பினார். கீழே வீடு இருட்டாக இருந்தது. நான் மிச்சச் சொதியைத் தூக்கி அடுப்பில் வைத்து, நெருப்பைக் குறைத்து விட்டேன்.

அண்ணை மறுபடி உட்காரக் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.