சர்வர் வாங்க வந்தவருக்குத் தெரிந்திருந்தது

என்னங்க,

பத்தொன்பது வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். இத்தனை கோபத்திலும் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

உங்கள் சர்வரை விற்றுவிட்டேன். சேவூர்த் தறிக்காரர்களுக்கு நீங்கள் புடவை டிசைன் போட்ட மேசைக்குக் கீழே இருந்ததே, அதைத்தான். எங்கிருந்தோ ஒரு பழைய கேபினெட்டைத் தூக்கி வந்து, நாலு ஹார்ட் டிஸ்க் மாட்டி, ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து நீங்களே சேர்த்துப் பூட்டியது. போட்ட டிசைன் எல்லாம் அதற்குள்தான் பத்திரமாக இருக்கிறது என்பீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாசம் ஆகிறது. மாடியில் அந்த அறையில் இப்போது என் தையல் மெஷின் ஓடுகிறது. வேலூர் ஹாஸ்டலிலிருந்து யாழினிதான் போனில் சொன்னாள். "டிசைன் எல்லாம் நான் காப்பி எடுத்துட்டேன்மா. அது சும்மா தூசி புடிச்சிகினு கெடக்குது. ஆன்லைன்ல போட்டு வித்துடு. அப்பா போன்லயே ஐடி இருக்கு."

சரி என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து, உங்கள் போனிலேயே விளம்பரம் போட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு செய்தி வந்தது. விலை கேட்கிறார்கள் என்றுதான் திறந்தேன்.

"சார், மறுபடியும் உங்க விளம்பரம் பாத்ததும் உசுரே வந்துச்சி. உடம்பு இப்ப எப்டி இருக்கு?"

பெயர் பாஸ்கர், ஊர் களம்பூர் என்றிருந்தது. யார் இவர்? திரையை மேலே தள்ளினேன். நீங்களும் அவரும் பேசியதெல்லாம் அப்படியே இருந்தது. நீங்கள் சாவதற்கு நாலு மாசம் முன்னால், இதே சர்வரை நீங்களே விற்பனைக்குப் போட்டிருக்கிறீர்கள். நல்ல பொருளை ஏன் விற்கிறீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். நீங்கள் எழுதிய பதிலை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

"கணையத்துல கட்டி சார். முத்திப் போச்சின்னு சொல்லிட்டாங்க. வீட்ல தெரியாது. நான் போனப்புறம் இதை விக்கத் தெரியாம அவ யார்கிட்டயாவது ஏமாந்துடுவா. அதான் இப்பவே குடுத்துடலாம்னு."

அவர் முன்பின் தெரியாத மனுஷர். ஆனாலும், "வீட்ல சொல்லிடுங்க சார், அவங்களுக்குத் தெரியணும்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நீங்கள், "சொன்னா அவ பாக்கற பார்வையே மாறிடும். இப்ப மாதிரியே என்னைத் திட்டிகினு இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

திட்டினேன்தான். சாப்பிடாமல் படுத்துக் கிடந்ததற்குத் திட்டினேன். தறிக்காரர்கள் வாசலில் காத்திருக்க வேலையைத் தள்ளிப்போட்டதற்குத் திட்டினேன். வாயுத் தொல்லை என்றீர்கள். ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டு அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஒருநாள், "திருமலைக்குப் போயிட்டு வரலாமா? மெதுவா மேல ஏறிப் பாத்துட்டு வரலாம்" என்று கேட்டீர்கள். முகூர்த்த மாசம், ஜாக்கெட் தைக்கக் குவிந்து கிடக்கிறது, வேலை இல்லாதவர் பேச்சு மாதிரி பேசுகிறீர்களே என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். காரணத்தை உங்களோடு வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் என்னிடம் கேட்டால் நான் வேறென்ன பதில் சொல்லியிருப்பேன்? தெரிந்திருந்தால் மெஷினை அன்றைக்கே மூடியிருக்க மாட்டேனா?

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்டினீங்களா?" என்று கேட்டபோது, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று தலையாட்டினீர்கள். அடுத்த பத்தாம் நாள் போய்விட்டீர்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், அவருக்கே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். எத்தனை பேரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள்!

ஒரு நாள் முழுக்க அந்த நாலு டிஸ்க்கிலும் தேடினேன். யாழினியின் மார்க் ஷீட் இருந்தது. கரண்ட் பில் இருந்தது. மாங்காய் பார்டர், மயில் பார்டர் என்று பேர் போட்டு ஆயிரக்கணக்கில் டிசைன் இருந்தது. எனக்கென்று ஒரு வரி இல்லை.

பாஸ்கருக்குப் பதில் எழுதினேன். "அவர் இல்லை. நான் அவர் மனைவி. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்." மறுநாள் காலையிலேயே வந்தார். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாராம். கல்யாண வீடியோ சேர்த்து வைக்க வேண்டுமாம். உங்கள் வயசுதான் இருக்கும். செருப்பை விட்டவர் உள்ளே வரத் தயங்கி நின்றார். பிறகு, நான் வழி காட்டுவதற்கு முன்னால் அவராகவே மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

"ரூம் மாடியிலன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"போன்ல பேசிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போனேங்க. நீங்க ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. சாரே காபி போட்டுக் குடுத்தாரு. டிஸ்க்குல இருக்கறதை அழிச்சிட்டுச் சொல்றேன்னாரு. அதுக்கப்புறம் நான் போட்ட எதுக்கும் பதிலே இல்ல."

என் அடுப்படியில், என் டம்ளரில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தெரிஞ்சிகினே எப்படிங்க சும்மா இருந்தீங்க? ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து சொல்லக் கூடாதா? உங்க அக்கா தங்கச்சியா இருந்தா விடுவீங்களா?"

அவர் தலைகுனிந்தார். "சத்தியம் வாங்கிகினாரும்மா. பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போனது ரெண்டு தடவை. தப்புதான்."

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அன்னிக்கு அவர் எப்படி இருந்தாரு?"

"நல்லாத்தான் பேசிகினு இருந்தாரு. பொண்ணு படிப்பு, உங்க தையல் வேல..." நிறுத்திவிட்டார்.

"அழுதாரா?"

"ஆமாம்மா" என்றார்.

உங்கள் அம்மா செத்தபோது கூட உங்கள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. இந்த மனுஷருக்கு அழுகை வராது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வரும். என் முன்னால்தான் வராது. நோயை மறைத்தது கூட ஒருநாள் ஆறிப்போகுமோ என்னவோ. ஆனால் இந்த அழுகை எனக்குச் சேர வேண்டியது. பழைய கம்ப்யூட்டர் பார்க்க வந்த ஒருவருக்கு எப்படிக் கொடுத்தீர்கள்? கொடுத்துவிட்டு, சாயங்காலம் நான் வந்ததும் கல்யாணச் சாப்பாடு எப்படி என்று எப்படிக் கேட்டீர்கள்?

டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடட்டுமா என்று பாஸ்கர் கேட்டார். என் எதிரிலேயே அழியுங்கள் என்றேன். நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன். நீங்கள் பேசி வைத்திருந்த விலைக்கே கொடுத்தேன். நான் யாரிடமும் ஏமாறவில்லை. ஒரு பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார். கிளம்பும்போது கை கூப்பினார். நானும் கூப்பினேன்.

யாழினிக்கு இன்னும் தெரியாது. அவள் மனசில் நீங்கள் திடீரென்று போன அப்பா. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. தோன்றியபோதுதான் பயந்துபோனேன், நீங்களும் இப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

சனிக்கிழமை அவள் வருகிறாள். பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்வேன், நீங்கள் அழுததையும் சேர்த்து. அவள் உங்கள் மேல் கோபப்பட்டால் தடுக்க மாட்டேன், உங்களுக்காகப் பரிந்து பேசவும் மாட்டேன். அவள் அழுதால் நானும் அவள் முன்னாலேயே அழுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
யாழினியின் அம்மா,
உங்கள் மனைவி
சுமதி