வாளிக்குச் சுற்றிய போர்வை

தர்ஷிகா,

கனடா விசா விண்ணப்பத்தை நீ இன்னும் அனுப்பவில்லை. போனில் கேட்டால் கதையை மாற்றுகிறாய், அதனால் எழுதுகிறேன். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? வெள்ளவத்தையில் மழையா?

நான் சுகம். வின்னிபெக்கில் மைனஸ் இருபத்தெட்டு. வீட்டுக்காரர் மேலே ஒற்றைச் சட்டையோடு திரிகிறார். கீழே பேஸ்மென்டில் எங்களுக்கு ஹீட்டரைக் கூட்ட அவருக்கு மனமில்லை.

போன கிழமை வாளியில் பியர் புளிக்கப் போட்டேன். அப்ப மாவைப் போல ஒரே இரவில் பொங்கும் என்று நினைத்தேன். நாலு நாளாகியும் அசைவில்லை. குளிரில் ஈஸ்ட் வேலை செய்யாதாம். என் போர்வையைச் சுற்றினேன், போதவில்லை. என்னோடு அறையில் இருக்கும் கொழும்பு மட்டக்குளி ரிம்ஸான், "ஹராமான சாமானுக்கு என்ட போர்வையும் வேணுமா மச்சான்?" என்று ஏசிக்கொண்டே தன்னுடையதையும் தந்தான். இரண்டு பேரும் ஜக்கெட்டோடு படுத்தோம். மறுநாள் வாளி குமிழிவிடத் தொடங்கியது.

ரிம்ஸானுக்கு இப்போது இரவு வேலை. நான் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே அந்த வாளியாவது சத்தம் போடுகிறது. அது நல்லாயிருக்கிறது.

மாமியிடம் கறித்தூள் வாங்கி அனுப்பு. அதோடு உன் பழைய சேலை ஒன்றையும் வை, போர்த்திக்கொள்ள. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நீ வருகிறாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

நிரோஜன்