ஊசியின் மூன்று ஓலைகள்

3 ஜூலை, வியாழன்

மார்த்தாவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடமாக ஞாயிறு மத்தியானங்களில் டென்சில் வீட்டு மேஜையில் நான் ஆடிய வைத்தியச்சி அவள். பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடுகிற ஆட்டம். டென்சில் கதையை நடத்துவான். நான், க்ளென், ஷ்ரேயாஸ் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுவோம். மம்மி இதைத் தாயம் என்கிறாள். "தாயம் ஆடப் போறியா, சாப்டுட்டுப் போ."

போன ஞாயிறு மார்த்தா செத்தாள். க்ளெனின் வீரன் ஆல்டஸ் பாலத்தில் குற்றுயிராகக் கிடந்தான். என்னிடம் ஒரே ஒரு மந்திரம் பாக்கி. எனக்கே வைத்துக்கொண்டிருந்தால் மார்த்தா பிழைத்திருப்பாள். அவனுக்குக் கொடுத்தேன். அவன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போனான்.

ஆட்டம் முடிந்து தெருவில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே க்ளென் சொல்கிறான்: "வீட்ல ஒக்கலிபுரத்துல ஒரு பொண்ணு பாத்து முடிச்சிட்டாங்க கேரல். மௌரீன்னு பேரு. ஆகஸ்ட்ல கல்யாணம். நீ தப்பா எடுத்துக்காத."

தப்பா எடுத்துக்கக் கூடாதாம். ஆறு வருஷம்டா. ஆறு வருஷம் உன் பைக் பின்னால உக்காந்து வந்தவ இதை வேற எப்படி எடுத்துக்குவா?

5 ஜூலை, சனி

புது ஆள் தயார். கொலைகாரி. இருட்டில் வந்து இருட்டில் போகிறவள். பெயர் ஊசி.

திறமைகளுக்குப் பிரித்துப் போட இருபத்தேழு புள்ளிகள். மார்த்தாவுக்கு முக்கால்வாசியை இரக்கத்தில் கொட்டியிருந்தேன். புத்தி கெட்டவள் நான். ஊசிக்கு இரக்கத்தில் ஒன்றுகூட இல்லை. கைவேகம், மறைவு, பொறுமை. பேச்சுத் திறமையை அடிமட்டத்தில் வைத்தேன், அவள் பேசப்போவதில்லை.

ஆயுதம் வாள் இல்லை. சணல் மூட்டை தைக்கிற கோணி ஊசி, நுனியில் விஷம். யாரைக் கொல்ல என்று கேட்டுக்கொள்ளவே தேவையில்லை. ஆல்டஸைத்தான்.

ஆல்டஸின் திறமைத் தாளில் இருக்கும் எண்கள் எனக்கு மனப்பாடம். க்ளெனின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால் அந்தத் தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கவனம் என்ற கட்டத்தில் அவன் மிகக் குறைந்த எண்ணைப் போடச் சொன்னான். "கவனம் எனக்கெதுக்கு, நீதான் கூடவே இருக்கியே."

இருக்கேன் ராசா. இனிமேதான் கூடவே இருக்கப் போறேன்.

6 ஜூலை, ஞாயிறு

டென்சில் ஸ்கூல் வாத்தியார் இல்லையா, வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டான். ஊசியின் தாளைப் பார்த்துவிட்டு, "மறைவுக்கு இவ்ளோ போட்டிருக்க. பொறந்ததுலேர்ந்து யாரும் இப்படி ஒளிய மாட்டாங்க. எங்க கத்துக்கிட்டான்னு முன்கதை எழுதிட்டு வா" என்றான்.

க்ளென் எதிரே உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். "கேரலுக்கு அதெல்லாம் வராது மச்சா, அவ ஹீலர்தான்" என்றான். சிரிப்பு வேறு.

9 ஜூலை, புதன்

முன்கதை.

ஞாயிறு பூசையில் க்ளென் இடப்பக்கம் முன் வரிசையில் அவன் அம்மாவோடு, நான் வலப்பக்கம் தூண் ஓரம். எல்லோரும் திரும்பிக் கை கூப்பிச் சமாதானம் சொல்லும்போதுகூட என் பக்கம் திரும்ப மாட்டான். பூசை முடிந்து கேட்டில் நின்று பேசக் கூடாது. பைக்கிலிருந்து இரண்டு தெரு முன்பே இறங்கி நடந்து வர வேண்டும். அவன் போனில் என் பெயர் கேஸ் ஏஜென்சி. அவன் தங்கை குளோரியா கல்யாணத்தில் கடைசி மேஜையில் ஷ்ரேயாஸ் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். அதற்கே எவ்வளவு பயந்தான்.

முதலில் குளோரியா கல்யாணம் முடியட்டும் என்றான். முடிந்தது. பிறகு அம்மாவுக்கு பிபி. பிறகு வீட்டுக்கு மாடி எடுக்கணும். ஒரு நாள் உண்மை வாயில் வந்துவிட்டது: "எந்த ஏரியான்னுதான் அம்மா மொதல்ல கேப்பாங்க. உங்க ஜீவனஹள்ளின்னா முகம் மாறிடும் கேரல், புரிஞ்சிக்கோ." புரிந்துகொண்டேன். எதைத்தான் புரிந்துகொள்ளவில்லை நான்.

மம்மியிடம்கூட மூச்சு விட்டதில்லை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிற மம்மியிடம்.

டென்சிலுக்கு இதையெல்லாம் அனுப்பவில்லை. ‘ஊசி ஆறு வருடம் ஒரு கோட்டைச் சுவருக்குள் ஒளிந்து வாழ்ந்தவள்’ என்று ஒரு வரி அனுப்பினேன். சூப்பர் என்று பதில் வந்தது.

13 ஜூலை, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இப்படி ஓலை வாசித்து அறிவிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் அவன் முழுப்பெயரை மைக்கில் கேட்டபோது காதெல்லாம் சுட்டது. க்ளென் அந்தோணி, இந்தப் பங்கு. மௌரீன் ஸ்டெல்லா, ஒக்கலிபுரம். முதல் ஓலை. இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்.

மம்மி காதோரம் குனிந்து, "இது உன் தாயம் பையன்தானே? நமக்குப் பத்திரிக்கை வெப்பாங்களா?" என்றாள். நான் செபப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை.

மத்தியானம் மேஜையில் ஊசியின் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு என்று அறிவித்தேன். கொல்லும் முன் மூன்று ஓலை அனுப்புவார்கள். மூன்றாவதோடு ஆள் காலி. டென்சிலும் காலையில் அதே பூசையில் இருந்தவன். விழுந்து விழுந்து சிரித்தான். "க்ளெனுக்கு நல்ல கல்யாணப் பரிசு." எதுவும் தெரியாமல் சிரிக்கிறான், பாவம். ஷ்ரேயாஸ் பனையோலையைப் படம் போட்டே கொடுத்தான்.

ஆட்டத்தில் ரகசியச் சேதியைச் சீட்டில் எழுதி நீட்டலாம். முதல் சீட்டை நீட்டினேன்: ‘ஆல்டஸ், முதல் ஓலை.’ க்ளென் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

16 ஜூலை, புதன்

பீன்யா ஃபேக்டரியில் இன்று நாற்பது பல்சக்கரங்களுக்கு, தேறாது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளினேன். சூப்பர்வைசர் கணேசமூர்த்தி சார் திரும்ப அளந்து பார்த்துவிட்டு, "இதுல பதினொண்ணு நல்ல பீஸ்மா" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இந்த முறை மௌரீனும் வந்திருந்தாள். க்ளெனின் அம்மா பக்கத்தில், முன் வரிசையில். பெயரை இரண்டு தடவை வாசித்தவுடன் அந்த இடத்தில் உட்காரலாம் போலிருக்கிறது.

மத்தியானம் ஊசி, ஆல்டஸின் கூடாரத்துக்குள் நுழைந்தாள். இருபது முகப் பகடையில் பத்தொன்பது. அவன் கவனத்துக்கு உருட்டினான், நாலு. தலையணையடியில் ஓலை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மேஜையில் க்ளெனுக்குச் சீட்டை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது, அவ்வளவு கோபம். ஷ்ரேயாஸ் கவனித்துவிட்டான். "யாக்கம்மா இஷ்டு கோபா? ஏன் இவ்ளோ கோபம், ஆட்டம்தானே" என்றான்.

ஆமாம். ஆட்டம்தான்.

22 ஜூலை, செவ்வாய்

பங்கு அலுவலகத்திலிருந்து போன். நாளைக்கு வேலை முடிந்து ஃபாதரைப் பார்க்க வேண்டுமாம், ஓலை விஷயமாக.

பிறகு க்ளென் போனில் கத்தினான். ஞாயிறு சாயங்காலம் ஒக்கலிபுரம் போயிருக்கிறான். பத்திரிக்கைக்குப் பெயர் எழுத மௌரீன் அவன் பையிலிருந்து பேனா எடுத்திருக்கிறாள், கூடவே சீட்டும் வந்திருக்கிறது. "ஆல்டஸ்னு எழுதியிருந்தா கேம்னு சொல்லியிருப்பேன். என் பேரை ஏன்டி எழுதின?"

எழுதினேனா? எழுதியிருக்கிறேன். அந்தக் கோபத்தில் ‘க்ளென், இரண்டாம் ஓலையும் ஆயிற்று. தடை உள்ளவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். மூன்றாவதோடு முடிகிறது’ என்று எழுதியிருக்கிறேன். ஒளிந்து வாழத் தெரிந்த கொலைகாரி லட்சணம் இது. மௌரீனின் அப்பா அதைத் தடை என்று நினைத்து, மறுநாள் அவனிடம் என் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே ஃபாதரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

23 ஜூலை, புதன்

ஃபாதர் மேஜையில் அந்தச் சீட்டு, மேலே கண்ணாடிக் குண்டு. கோபப்படவில்லை அவர். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இது நீ எழுதினதாம்மா?"

"ஆமா ஃபாதர். நாங்க ஆடற ஆட்டத்துக்கு எழுதினது."

"அப்ப தடைன்னு ஒண்ணும் இல்லையா? அவருக்கு வேற கல்யாணம் ஆயிருக்கு, ரெண்டு பேரும் உறவுமுறை, அந்த மாதிரி?"

யோசித்தேன். ஒருத்தியை ஆறு வருடம் ஒளித்து வைப்பது எந்தத் தடையில் வரும்? எதிலும் வராது.

"இல்ல ஃபாதர்."

‘விளையாட்டுச் சீட்டு’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் க்ளெனின் மெசேஜ். ‘தேங்க்ஸ் கேரல். நீ எப்பவுமே மெச்சூர்.’ போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றியது. கேட்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து கேட்டார், அப்போதும் அவனைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

25 ஜூலை, வெள்ளி

எங்கள் தெருமுனை பேக்கரியில் மௌரீன் நின்றிருந்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள்.

"ஃபாதர்கிட்ட நீங்க சொன்னது தெரியும்க்கா. நான் சண்டைக்கு வரல. ‘தடை உள்ளவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்’னு ஆட்டத்துக்கு யாராவது எழுதுவாங்களா?"

இரண்டு டீ சொன்னேன். அவளே தொடர்ந்தாள்: "உங்க பேரையே நான் திங்கக்கெழமதான் கேட்டேன். மூணு பசங்க சேந்து ஆடறோம்னுதான் அவர் சொல்லியிருந்தார்."

மூணு பசங்க.

மேஜையில்கூட நான் இல்லை. மார்த்தா இல்லை, அவன் தாளை எழுதிய கை இல்லை. அதற்கப்புறம் எனக்கு நிதானம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கேஸ் ஏஜென்சி வரைக்கும். பப்ஸ் வாங்க நின்றவர்கள், பால் வாங்க வந்தவர்கள், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் அழவில்லை. டீ ஆறிப்போகும்வரை கேட்டுவிட்டு, "மாடி எடுக்கணும்னு என்கிட்டயும் சொன்னார்க்கா" என்றாள். ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

27 ஜூலை, ஞாயிறு

மூன்றாம் ஓலை என்று நாலு ஜோடிகளின் பெயர்களை வாசித்தார்கள். க்ளென் பெயர் இல்லை. முன் வரிசையில் அவன் அம்மா மட்டும். பாதிக் கோயில் என்னைத் திரும்பிப் பார்த்தது. பேக்கரிச் சேதிக்கு மைக் தேவையில்லை.

மத்தியானம் அவன் ஆட்டத்துக்கும் வரவில்லை. ஊசி கூடாரத்தில் தயாராக நின்றாள், கையில் விஷம். டென்சில் மெதுவாகச் சொன்னான், "வராதவங்க கேரக்டரைக் கொல்லக் கூடாது கேரல். நம்ம ரூல்."

பகடையை டப்பாவில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மம்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் சேதி வந்திருந்தது.

"ஆறு வருஷமா?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன் யார்கிட்டயும் சொல்லாதன்னான்."

"அவன் அவங்கம்மாவுக்குப் பயந்தான். சரி. நீ யாருக்குப் பயந்த?"

30 ஜூலை, புதன்

மம்மி பேசுவதில்லை. சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கோபத்துக்கு ஆள் தேடுகிறேன். க்ளென் மேல் வரவில்லை. போன வாரம் வரை எவ்வளவு சுலபமாக வந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆட்டத்துக்குப் போகவில்லை. சாப்பிட்டு முடித்து மம்மி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நானாகத்தான் ஆரம்பித்தேன், அவனை முதலில் பார்த்த கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகையிலிருந்து. மம்மி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்கிலிருந்து இரண்டு தெரு முன்பே இறங்கியதைச் சொல்லும்போது என் குரல் தன்னால் உள்ளே போய்விட்டது.

மம்மி திரும்பினாள்.

"சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கல."