ருஷ்தாவுக்கு யாரும் சொல்லவில்லை

பாடசாலை விடுதி,
கண்டி.
2025 மே 4

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் வாப்பாவும் சுகமா?

போன ஞாயிறும் வாப்பா வரல்ல. இன்றைக்கும் வரல்ல. கேட்டடியில் நின்று ரோட்டில் வந்த த்ரீவீல் எல்லாம் பார்த்தேன். வாப்பாவின் த்ரீவீல் இல்லை. வத்தேகம இவ்வளவு தூரமா?

பாடசாலையின் ஆண்டு விழாவுக்குக் கண்காட்சி செய்கிறோம். சுபாஜினி டீச்சர் பழைய போட்டோக்கள் கொண்டுவந்தார். முதலில் இதைப் பாதிரிமார் தொடங்கினார்களாம். பிறகு அரசாங்கம் சம்பளம் கொடுத்து மேற்பார்வைக்கு எடுத்தது. ஒரு போட்டோவில் பிள்ளைகள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டி நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கையால் பேசினால் பிரம்படியாம். எங்களைப் போல காது கேட்காத பிள்ளைகளும் வாயால்தான் பேச வேண்டுமாம். அப்போது தமிழ்ப் பக்கத்தில் நாலு வகுப்பு இருந்தது. இப்போது ஒரு அறையில் நாங்கள் ஏழு பேர்.

டீச்சர் ஓய்வு பெறப் போகிறார். இந்த மாதம் 25ஆம் திகதி கல்வி அலுவலகத்தில் இருந்து ஐயாமார் வருகிறார்கள். தமிழ் வகுப்பை வைப்பதா மூடுவதா என்று பெற்றோரிடம் கேட்பார்களாம். எழும்பிப் பேசுவதாக வாப்பா எனக்கு வாக்குத் தந்திருக்கிறார். ஞாபகப்படுத்துங்கள்.

மகள்,
ருஷ்தா


வத்தேகம.
2025 மே 11

அன்பு மகள் ருஷ்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைச்சுது. ரெண்டு தரம் வாசிச்சேன்.

வாப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை மகள். பயணம் செய்ய ஏலாது. நானும் இப்ப வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலைமை. கோபிச்சுக்கொள்ளாதே. நல்லாச் சாப்பிடு. மழைக்குள்ள நனையாதே. கூட்டத்துக்கு ஷப்ராஸ் சாச்சாவை அனுப்பப் பார்க்கிறேன்.

வாப்பா உன்னை நினைக்காத நேரமே இருந்ததில்லை.

துஆவுடன்,
உம்மா


பாடசாலை விடுதி.
2025 மே 27

உம்மாவுக்கு,

ஸலாம். சாச்சா வரல்ல. ஒருவரும் வரல்ல.

மண்டபத்தில் பெற்றோருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலி. ஒரு ஐயா நிறைய நேரம் பேசினார். டீச்சர் எங்களுக்குக் கையால் சொன்னார்: ஏழு பிள்ளைகளுக்காகப் புது டீச்சர் தர முடியாதாம். சிங்களப் பக்கத்துக்குப் போகலாம், இல்லாவிட்டால் வேறு மாவட்டத்துக்குப் போகலாம். ஒரு உம்மா அழுதார். எழும்பிப் பேச ஆள் இல்லை.

வாப்பாவுக்கு என்ன வருத்தம்? பெயர் எழுதுங்கள். என்னைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்வேன்.

ருஷ்தா


பாடசாலை விடுதி.
2025 ஜூன் 3

உம்மா,

ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பல்லேகலைக்கு விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போனார்கள். வெளியே ரிஸ்கான் மாமா நின்றார். வாப்பாவோடு வத்தேகம ஸ்டாண்டில் த்ரீவீல் ஓடுகிற அதே ரிஸ்கான் மாமா. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹயர் ஒன்றில் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அழுதார்.

உள்ளங்கையில் விரலால் எழுதிக் கேட்டேன், ‘வாப்பா எப்படி?’ என்று.

எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஓடிவிட வழி தேடுகிற ஆள் போலச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையைக் காதுவரை உயர்த்தி நெஞ்சில் கட்டினார். தொழுகிற மாதிரி. ஆனால் குனியவில்லை. நெற்றியை நிலத்தில் வைக்கவில்லை. நின்றபடியே தலையைத் திருப்பி ஸலாம் கொடுத்தார். குனியாத தொழுகை, இறந்தவருக்காகத் தொழுகிற ஜனாஸாத் தொழுகை என்று எனக்குச் சொல்லித் தந்தது வாப்பா. பிறகு ரிஸ்கான் மாமா மண்ணில் குந்தி, கையால் மூன்று பிடி அள்ளிப் போட்டார்.

உம்மா, அவருக்கு எங்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லாரும் சிரிப்பீர்கள். என்ன என்று கேட்பேன். ‘பொறகு சொல்றேன்’ என்று கையைக் காட்டுவீர்கள். ஒரு நாளும் சொன்னதில்லை. வாப்பா மட்டும்தான் அந்த நேரமே கையால் சொல்வார். வாப்பா மௌத்தானதும் பொறகு சொல்கிற விஷயமா?

பெருநாளைக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

ருஷ்தா


வத்தேகம.
2025 ஜூன் 12

என் மகள்,

பெருநாளன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் வாப்பா ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை காலையில போனார். ஸ்டாண்டில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சாய்ஞ்சவரை ரிஸ்கான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் வழியிலயே பிரிஞ்சிட்டுது. பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முந்தி அடக்கிட்டாங்க.

“ருஷ்தாவைக் கூட்டிக்கொண்டு வாங்க” என்று நான் சொன்னேன். “அந்தப் புள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துற மதினி? வாப்பாவின் மையத்தைக் கண்டு கத்தினா யாரு பிடிக்கிற?” என்று ஷப்ராஸ் சாச்சா கேட்டார். நான் அதுக்கு மேல வாயைத் திறக்கல்ல. திறந்திருக்க வேணும்.

இப்ப அவருக்காக இத்தாவில இருக்கிறேன். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. கடிதத்தில எழுதவும் கை வரல்ல. உன்னை மடியில போட்டுச் சொல்லணும் என்று நினைச்சேன். ஆனா மகள், மடியில போட்டாலும் எந்தப் பாஷையில சொல்லுவேன்? அவர்தான் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவில இருந்த வாய். அவர் போனதும் நான்தான் ஊமையாகிட்டேன்.

உம்மா


பாடசாலை விடுதி.
2025 ஆகஸ்ட் 3

உம்மாவுக்கு,

வாசித்தேன். வாப்பாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். நான் கத்தினால் என்ன? கத்தியிருப்பேன்தான்.

லீவுக்கு வரமாட்டேன். குண்டசாலையில் சுபாஜினி டீச்சரின் வீட்டில் நிற்பேன். அதிபரிடம் அனுமதி கேட்டாயிற்று. நீங்களும் சம்மதம் எழுதி அனுப்புங்கள்.

லீவு முடிந்ததும் சிங்களப் பக்கத்துக்குப் போகிறேன். எழுத்தில் இருந்து தொடங்க வேண்டும். இனி நான் தமிழில் எழுத நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அதற்கும் இப்போது மனம் இல்லை.

ருஷ்தா


வத்தேகம.
2025 செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு,

ஸலாம். இத்தா முடிஞ்ச பிறகு நான் முதன்முதலா வாசல் தாண்டினது டீச்சர் வீட்டுக்கு. மூணு பின்னேரம் போனேன். அவங்க ஓய்வு பெற்ற மனுஷி, ஆனாலும் உங்கட கைப்பாஷையைப் பொறுமையாச் சொல்லித் தந்தாங்க. இந்த வயசில விரல் மடங்குதில்லை. வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால நின்று செஞ்சு பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டடிக்கு வந்ததும் நான் ஸலாம்கூடச் சொல்லல்ல. பழகின அந்த ஒண்டையே கையால செஞ்சேன். ‘என்னை மன்னிச்சுக்கொள்.’ நீ பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு கிட்ட வந்து என் கையைப் பிடிச்சாய். ஒரு விரலை மடக்கினாய். ஒரு விரலை நிமிர்த்தினாய். பிழையைத் திருத்திவிட்டு, திரும்பிப் பார்க்காம உள்ளே போயிட்டாய்.

கேட்டில நின்ற வாச்சர், “இவ்வளவுதானா, புள்ளையோட பேசலியா?” என்று கேட்டார். பேசினேன் என்றேன்.

நீ திருத்தின மாதிரியே பஸ்ஸில வரும்வரை விரலை வச்சுக்கொண்டு வந்தேன். பக்கத்தில இருந்த பொம்புளை, கையில அடியா என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறும் வருவேன். நீ வெளியே வராட்டியும் பரவாயில்லை. உன் வாப்பா போன அந்த நாளை ஆரம்பத்தில இருந்து கையால சொல்லப் பழகுறேன். அவர் ஸ்டாண்டுக்குப் போனது வரைக்கும் வந்திட்டேன். அதுக்கு மேல இன்னும் வருதில்லை.

உன் உம்மா,
ரபீகா